இடப்பக்கச் சுற்று

ஓசூர் சிப்காட்டில் ஒரு செம்புக் கம்பிக் கம்பெனியின் கேட்டைத் தாண்டி வெளியே போகும் குடைகளை விரித்து உதறிக் காட்ட வேண்டும். மடிப்புக்குள் செம்புத் துண்டு போய்விடும் என்று நிர்வாகத்துக்குப் பயம். உதறியதும் எல்லோரும் குடையை அப்படியே அள்ளிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுவார்கள். வெள்ளைச்சாமி மட்டும் நின்று, ஒவ்வொரு மடிப்பாக நீவி, இடது கைக்காரன் என்பதால் இடப்பக்கமாகச் சுற்றி, பட்டன் போட்ட பிறகுதான் நகர்வான்.

1987 ஜூலையில் மிஷின் பக்கத்திலேயே மாரடைப்பில் இறந்தான். அவன் குடையைக் கேட்டில் எடுத்து வைத்திருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து அதை வாங்கிப்போக அவன் மனைவி ராசாத்தி வந்தாள். வாட்ச்மேன் முனிசாமி விதிப்படி குடையை விரித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. ஏனோதானோவென்று சுருட்டி மேஜைமேல் வைத்துவிட்டு, கையெழுத்து வாங்கும் நோட்டை எடுக்கத் திரும்பினார்.

நோட்டோடு வந்தபோது குடை மெலிந்து, சுருக்கமில்லாமல் கிடந்தது. சுற்று இடப்பக்கம். பட்டனும் போட்டிருந்தது.

"ஏம்மா, நீ மடிச்சியா?"

"எனக்கு அது வராதுண்ணே."

அவள் இரண்டு கையாலும் ஏந்தியிருந்த குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

ராசாத்தி குடையை எடுக்கவில்லை. நோட்டில் கையெழுத்தும் போடவில்லை. கேட்டுக்கு வெளியே புங்கமரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே கேட்டாள்.

"இந்த வாரம் அவுகளுக்கு எந்த ஷிப்டுண்ணே?"