இளம் ஆட்கள் தேவை

தலைமுடிக்கு அடித்த கறுப்பு மை அரியரத்தினத்தின் காதோரத்திலும் அப்பியிருந்தது. அதைப் பார்த்ததும் சட்டத்தரணி சாரங்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏன் அங்கிள் இந்தப் பாடு? வயசைக் காட்டி வேலை இல்லையெண்டு ஜெர்மனியில ஒருத்தரும் சொல்ல ஏலாது. அதுக்குச் சட்டம் இருக்கு."

சட்டம் இருந்து என்ன? ஹம் நகரில் அவர் வேலை செய்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். போன கிழமை ஒரு களஞ்சியத்துக்கு வேலை கேட்டுப் போனால், 'எங்களுக்கு இளம் ஆட்கள்தான் தேவை' என்று மேலாளன் முகத்துக்கு நேரேயே சொல்லி அனுப்பிவிட்டான். முழங்கால் தேய்ந்த மனிதருக்குப் பெட்டி தூக்கும் வேலைகூடக் கிடைக்கவில்லை.

அதற்குச் சாட்சி, கூட வந்திருந்த தங்கை குணேஸ்வரி. தான் பென்ஷன் எடுத்த பிறகு அண்ணனைக் காரில் ஏற்றி இறக்குவதுதான் அவளுடைய வேலை.

"அண்ணைக்குப் பக்கத்திலதான் நிண்டனான், பிள்ளை. அவன் சொன்னதை என்ர காதால கேட்டனான்."

"அப்ப வழக்கு வெண்டமாதிரித்தான். அறுபது வயசு ஆளைக் கிழவனெண்டு தள்ளினதுக்கு நட்டஈடு தரவேணும்."

"வேலை தருவினமோ?" என்று கேட்டார் அரியரத்தினம்.

"இல்லை அங்கிள், நட்டஈடு மட்டும்தான். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. கோர்ட்டில பேரும் பிறந்த திகதியும் கேட்பினம், பயப்பிடாதேங்கோ."

அவர் பேனையை எடுத்தார். பிறகு மேசையிலேயே வைத்துவிட்டார்.

"வேண்டாம் பிள்ளை, விடுங்கோ."

சாரங்காவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இப்படிப் பயந்து பயந்தே நம் ஆட்கள் எல்லா இடத்திலும் ஏமாந்து போகிறார்கள்.

"வழக்கும் வேண்டாமெண்டா உங்களுக்கு என்னதான் வேணும்?"

"பென்ஷன். இனி என்னால ஏலாது."

"அதுக்கு அறுபத்தேழு ஆகவேணும், அங்கிள். நீங்கள் இன்னும் ஏழு வருசம் வேலை செய்யவேணும்."

குணேஸ்வரி விம்மி அழத் தொடங்கினாள். "சொல்லுங்கோ அண்ணை. இனியும் ஏன் மறைக்கிறியள்?"

அரியரத்தினம் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

"அறுபது என்ர தம்பியின்ர வயசு, பிள்ளை, அவன் செத்தாப்பிறகு அவன்ர பாஸ்போர்ட்டிலதான் நான் வந்தனான்."