கண்ணாடி அறையில் ஊமை

மறுமுனையில் ஒரு பெண் போனை எடுத்து வணக்கம் சொன்னதும் அரங்கத்தில் இருமல்கூட நின்றுபோனது.

மேடையின் நடுவில் கண்ணாடி அறை. அதற்குள் ஒரு மேசை, ஒரு போன், ஊமை.

ஊமை என்பது அவள் கழுத்து அட்டையில் இருந்த பெயர். கணினிப் பாதுகாப்பு மாநாட்டுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சொந்தப் பெயரில் வருவதில்லை. அரையிறுதியில் பேசியே ஒரு காவலாளியைக் கதவைத் திறந்து வைக்கச் செய்திருந்தாள். இவளுக்கு ஊமை என்று பெயர் வைத்தவர்களுக்குத் தனியாக ஒரு பரிசு தரலாம் என்று நடுவரே மைக்கில் சொன்னார்.

மற்ற போட்டிகளில் மாணவர்கள் லேப்டாப்புக்குள் தலையை விட்டுக்கொண்டு கணினியை உடைப்பார்கள். இங்கே உடைக்க வேண்டியது ஆளை. ஒரு நிறுவனத்துக்குப் போன் போட்டு, பேச்சுவாக்கில் பாஸ்வேர்டைக் கறந்துவிட வேண்டும். நிறுவனம் முன்கூட்டியே சம்மதம் தந்திருக்கும். போனை எடுப்பவருக்கு மட்டும் எதுவும் தெரியாது. இரண்டு பக்கப் பேச்சும் வெளியே ஒலிபெருக்கியில் கேட்கும். வெளியே எழும் சத்தம் உள்ளே வராது.

இறுதிச் சுற்றுக்கு வந்தது ஒரு சரக்கு நிறுவனம். அதன் மேலாளர் முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

தேநீர் இடைவேளையில் அவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது ஊமையின் காதில் விழுந்திருந்தது. யார் உளறுகிறார்களோ அவர்களுக்கு நாளைக்கே சீட்டைக் கிழித்துவிடப் போகிறாராம். சொல்லிவிட்டு பிஸ்கட்டை டீயில் நனைத்தார்.

தலைமை அலுவலகத்தின் கணினிப் பிரிவிலிருந்து பேசுவதாக ஊமை ஆரம்பித்தாள். ரசீது அச்சாகாமல் லாரிகள் வரிசையாக நிற்கின்றன, டிரைவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள், எல்லாப் பழியும் தன் தலையில்தான் விடியப்போகிறது என்றாள். குரலில் களைப்பை அளவாகக் கலந்தாள்.

எடுத்தவள் வரவேற்பு மேசைக்காரி. நடுவில் யாரிடமோ பெட்டியைச் சாய்க்க வேண்டாம் என்றாள். இன்னொருவரை உட்காரச் சொன்னாள். பிறகு இவளிடம் வந்து, தண்ணீராவது குடித்தீர்களா அக்கா என்று விசாரித்தாள்.

ரசீதுப் பக்கத்தைத் திறக்க வேண்டும் என்று ஊமை பாஸ்வேர்டைக் கேட்டாள். தன் பாஸ்வேர்டில் அந்தப் பக்கம் திறக்காது, ஆனால் மேலாளருடையதும் தன்னிடம்தான் இருக்கிறது, அவருக்கு அடிக்கடி மறந்துவிடும் என்றாள் அந்தப் பெண்.

கண்ணாடிக்கு வெளியே வரிசை வரிசையாக வாய்கள் சத்தமில்லாமல் சிரித்தன. மேலாளர் காலைக் கீழே இறக்கினார்.

"எழுதிக்கிறீங்களாக்கா? சொல்றேன்."

முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்தே விட்டார்கள். நடுவர் பரிசுக் கோப்பையை மேசை ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார்.

ஊமை பேனாவை மூடினாள்.

"வேண்டாம்மா. சொல்லாதீங்க. யாரு கேட்டாலும் சொல்லாதீங்க. நானே திரும்பக் கூப்பிட்டு அழுதாலும் சொல்லாதீங்க."

மறுமுனையில் அக்கா, அக்கா என்று குழம்பிப்போய்க் கேட்டது. ஊமை போனை வைத்துவிட்டாள்.

கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு போட்டி அமைப்பாளர் வந்தார். தலையில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். நேரம் மிச்சம் இருக்கிறது, அதே எண்ணுக்கு இன்னொரு முறை அடிக்கலாம், விதியில் இடமுண்டு என்றார். அவள் அவரைத் தாண்டி மேடைக்கு வந்து நின்றாள்.

மேலாளர் கீழேயிருந்தே கத்தினார். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் அந்தப் பெண் கக்கியிருப்பாள், இது சொன்னதற்குச் சமம், அவளை என்ன செய்வதென்று தனக்குத் தெரியும் என்றார்.

ஊமை நடுவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

"நான் கேட்டேன். அவங்க சொல்லல. அப்படியே எழுதுங்க."

நடுவர் விதிகளைப் புரட்டினார். பாஸ்வேர்ட் கிடைக்கவில்லை என்றால் போட்டியாளர் தோற்றார், போனை எடுத்தவர் ஜெயித்தார். அதற்கு ஒரு கேடயமும் உண்டு. போட்டி தொடங்கிய காலத்திலிருந்து யாரும் வாங்காததால் அதைத் தேடி எடுக்கவே நேரம் பிடித்தது.

ஊழியரின் சார்பில் பெற்றுக்கொள்ள மேலாளரை மேடைக்கு அழைத்தார்கள். அவர் தயங்கினார். ஊமை கைதட்ட ஆரம்பித்தாள். பின்வரிசை மாணவர்கள் சேர்ந்துகொண்டார்கள். பிறகு அரங்கம் முழுக்க.

வரவேற்பு மேசைக்காரியின் கேடயத்தைப் பிடித்துக்கொண்டு மேலாளர் புகைப்படங்களுக்குச் சிரித்தார். ஒவ்வொரு படத்திலும் ஊமை அவர் பக்கத்திலேயே நின்றாள். நாளைக்கு அந்தப் பெண்ணின் வேலையில் கைவைத்தால் இந்தப் படங்கள் பேசும் என்பது அவருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்த வருடம் அவளைச் சேர்க்கப் போவதில்லை என்றார் அமைப்பாளர். வேறு பெயரில் வருவதாக அவள் சொன்னாள்.

முன்பின் தெரியாத ஒருத்திக்காகவா கையில் விழுந்த கோப்பையை விட்டாய் என்று அவர் கேட்டார்.

சில வருடங்களுக்கு முன்பு கண்ணாடி அறை கிடையாது. மேடையில் வெறும் மேசையும் போனும்தான். அந்த வருட இறுதிச் சுற்றில் வேறொரு நிறுவனத்தின் வரவேற்பு மேசையில் போனை எடுத்தவள், பிற்பாடு ஊமை என்று பெயர் வைத்துக்கொண்ட இவள்தான். மறுநாள் காலை அவளை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று போனில் பேசியவன் தப்பாக எழுதிவிடக் கூடாதே என்று, பாஸ்வேர்டை எழுத்தெழுத்தாக இரண்டு தடவை சொன்னாள்.

சொல்லி முடித்ததும் போனுக்குள் ஒரு பெருங்கூட்டம் சிரித்தது.

என்ன சங்கதி என்று தெரியாமல், மரியாதைக்கு அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.