மாஜிக்கு மன்னிப்பு

1946 பஞ்சத்தில், சிதம்பரம் கஞ்சித் தொட்டியில் கரண்டி பிடித்திருந்த தேவசகாயம், வரிசையைப் பார்த்து உரக்கச் சொன்னான்: “அமெரிக்கா மாஜி ஜனாதிபதி ஹூவர் நம்ம பஞ்சத்தைப் பாக்க வந்திருக்காராம். பேப்பர்ல போட்டிருக்கான். புண்ணியவான்!”

“பதவியில இருந்தப்ப அவுரு ஜனங்களே கஞ்சிக்கு வரிசையில நின்னுச்சாமே? அதையும் பேப்பர்லதான் படிச்சாங்க” என்றாள், குண்டானோடு முன்னால் வந்து நின்ற சவரியம்மாள். “சொந்த வூட்டைப் பட்டினி போட்டவரு, ஊருக்குப் படியளக்க வந்துட்டாராக்கும்!”

வரிசை சிரித்தது. தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது.

“அப்ப தப்பு நடந்திருக்கலாம். பதவி போனப்புறம் இந்த வயசுல ஊரூரா அலையறாரே, அதுக்காவது மன்னிக்கக் கூடாதா?”

“அதைப் பட்டினி கெடந்தவங்கதான் சொல்லணும்.”

அவன் அவள் குண்டானில் மூன்று கரண்டி ஊற்றினான். அவள் நகரவில்லை.

“இன்னும் ஒண்ணு ஊத்துங்க.”

“தலைக்கு ஒரு கரண்டிதான் சட்டம். உனக்கு ஒண்ணு, பிள்ளைங்க ரெண்டு பேருக்கு ரெண்டு. சரியாப் போச்சே?”

“இது உங்கம்மாவுக்கு. ஊருக்கு உழைக்கப் போறேன்னு நீங்க வூட்டை விட்டுக் கெளம்புனதுலேருந்து, அவுங்களும் நம்ம பிள்ளைங்களோடதான் பட்டினி கெடக்குறாங்க.”