வெட்டி வைத்த இளநீர்

கார் டேனரி கேட்டைத் தொடுவதற்குள் மேனேஜர் சுந்தரமூர்த்தி சிரித்தபடி வெளியே வந்துவிட்டார். கையில் வெட்டி வைத்த இளநீர். யாருக்கும் சொல்லாமல் வந்த திடீர் சோதனையின் லட்சணம் இது.

எம்.எல்.ஏ. எழிலரசியின் உதவியாளர் நவநீதனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தோல் கழிவைப் பாலாற்றில் கலக்க விடமாட்டேன் என்று சொல்லி ஜெயித்தவர் டீச்சர். போகிற டேனரியிலெல்லாம் இளநீர் காத்திருந்தால் ஆம்பூரில் என்ன பேசுவார்கள்?

டிரைவர் ஜோசுவாதான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறான். நவநீதனுக்கு அதில் சந்தேகமே இல்லை. அவன் மனைவி ஜாஸ்மினுக்கு ஷூ கம்பெனியில் வேலை. தோல்காரர்கள் பழக்கம் இல்லாமலா இருக்கும்?

எம்.எல்.ஏ. ஆன பிறகும் ஊருக்கு எழிலரசி டீச்சர்தான். ஒடுகத்தூரில் தலைமை ஆசிரியையாக இருந்தபோது பள்ளிக் கழிவறைகூடப் பளிச்சென்று இருக்குமாம். கல்வி அதிகாரி இன்றைக்கு வருவாரோ நாளைக்கு வருவாரோ என்று வாத்தியார்கள் வருஷம் பூரா பயந்து கிடந்தார்களாம். கடைசிவரை அந்த மனிதர் வரவே இல்லை. இப்பேர்ப்பட்டவரை உடன் இருக்கிறவனே ஏமாற்றுகிறானே என்று நவநீதன் வயிறெரிந்தான்.

டேனரியின் பின்பக்க ஓடையில் சொட்டுக் கழிவு இல்லை. முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்திருந்தது. டீச்சர் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார்.

நவநீதன் மேனேஜரை ஓரங்கட்டினான். யார் தகவல் சொல்வது என்று மிரட்டியதில் மனுஷன் இறங்கி வந்தார்.

"யாருன்னு தெரியாது சார். பொம்பளக் குரல். நாளைக்கு வர்றாங்க, நாளைக்கு வர்றாங்கன்னு ஓயாம போன் பண்ணுது. நீங்க வர்றது எப்பவோ ஒருவாட்டி. ஒரே பேஜாரா கீது."

பொம்பளக் குரல். ஜாஸ்மினேதான்.

திரும்பும் வழியில் டீ வாங்க ஜோசுவா இறங்கியதும் நவநீதன் எல்லாவற்றையும் கொட்டினான். நாளைக்குச் சட்டசபை, விடிந்ததும் சென்னைக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அவனிடமிருந்து சாவியை வாங்கிவிட வேண்டும் என்றான். ரெண்டு பெண் பிள்ளைகள் இருக்கிறதே என்றெல்லாம் பாவம் பார்த்தால் நம் பெயர்தான் கெடும் என்றான்.

"சாவி அவன்கிட்டயே இருக்கட்டும்" என்றார் டீச்சர்.

பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து எண்களை அழுத்தினார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு குரலை மாற்றினார்.

"பேரணாம்பட்டு டேனரி மேனேஜருங்களா? எம்.எல்.ஏ. அம்மா நாளைக்கு உங்க இடத்துக்குத்தான் வர்றாங்களாம்."