மன்னிப்பு வாசல்

"எந்தக் கால்?"

வெர்முதோ சாமியார் கேட்டதும் எர்மெசிந்தா கொஞ்சம் தயங்கினாள்.

"இடது கால், சாமி."

கம்போஸ்தெலாவில் உள்ள சந்தியாகப்பர் கல்லறைக்கு நடந்து போகிறவர்களில், இனி ஓரடியும் வைக்க முடியாது என்று ஆனவர்களுக்கு மட்டும், வழியிலுள்ள இந்தத் தேவாலயத்தில் திறக்கிற வாசல் அது. உள்ளே போய் மண்டியிட்டால் கல்லறைக்கே போன பலன். நேர்ச்சை தீர்ந்தது. மற்றவர்கள் எதிரே நிற்கிற மலையை ஏறித்தான் ஆக வேண்டும்.

அதனால் மழை பிடித்துக்கொண்டால் ஊரில் திடீர் நொண்டிகள் பெருகிவிடுவார்கள். வெர்முதோவிடம் அவர்கள் பாச்சா பலித்ததில்லை. போன வாரம் ஒரு பிரபுவையே குதிரையோடு மலைக்குத் திருப்பி அனுப்பியவர்.

"வரும்போது வலது காலைத்தானே இழுத்துக்கிட்டு வந்தே?"

கூட்டம் சிரித்தது.

"நேத்து ஆத்துலேர்ந்து குடம் குடமா தண்ணி தூக்கிக்கிட்டு ஓடினா, சாமி. என் கண்ணால பார்த்தேன்" என்றாள், வறுத்த கஷ்கொட்டை விற்கிற உர்ராக்கா.

சாமியார் கைத்தடியால் வாசல் தூணின் உச்சியைக் காட்டினார்.

"அங்க செதுக்கியிருக்கறது தெரியுதா?"

கல்லில் ஒரு பேய். குறட்டால் ஒருவன் நாக்கைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"இந்த வாசல்ல பொய் சொன்னவன் அவன். நான்தான் சிற்பிகிட்ட சொல்லிச் செதுக்க வச்சேன். இப்ப சொல்லு. எந்தக் கால்?"

அவள் அந்தக் கல்லையே பார்த்தாள்.

"இடது கால்" என்றாள் மறுபடியும்.

சாமியார் படியிறங்கி அவள் அருகில் வந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"காலையில கட்டிலோட ஒருத்தரைத் தூக்கிட்டு வந்தாங்களே, நெஞ்சு நோவுக்காரர். அவர் உனக்கு யாரு?"

"வீட்டுக்காரர்."

"சத்திரத்துல என்ன சொல்றாங்க?"

"இந்த மழையைத் தாண்ட மாட்டாராம்."

அவளே தொடர்ந்தாள்.

"எங்க பொண்ணு பொழைச்சதுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து நேர்ந்துக்கிட்டோம், சாமி. அவர் நேர்ச்சையை நீங்க தீர்த்து வச்சுட்டீங்க. என்னுது பாக்கி நிக்குது. கூட வந்தவங்க நாளைக்குக் கிளம்பறாங்க. நானும் போயிட்டா, கடைசியில அவர் வாயில தண்ணி விட ஆளில்ல."

உர்ராக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என்ன சாமி ரகசியம்? எந்தக் காலாம்?"

வெர்முதோ நிமிர்ந்தார். ஊருக்கே கேட்கிற குரலில் சொன்னார்:

"ரெண்டு காலும் போச்சு. கதவைத் திறங்க."