சாமின் கடைசி நிகழ்ச்சி

"உட்காருங்க இராமையா. சாமுக்கு இன்னைக்குத்தான் கடைசி நிகழ்ச்சி" என்றார் அப்துல் பாரி.

இராமையா திடுக்கிட்டார். "என்ன பாய் சொல்றீங்க? வேலையை விடுறாரா?"

"ஆமா. அலுத்துப் போச்சாம். டிவியையும் சேர்த்து விட்டுட்டு மீன் பிடிக்கப் போறானாம்."

யாங்கோனில் அப்போது காலை ஏழரை. அமெரிக்காவில் முந்தைய நாள் மாலை. பபேடான் பேட்டையில் துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த வீட்டில் கரண்ட் இல்லை. ஆனால் அப்துல் பாரியின் மனைவி மதீனா பீவி இரண்டு ஃபோனிலும் சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருந்தார். புதுப்புடவை வேறு கட்டியிருந்தார்.

எதிர்வீட்டுக்கு இராமையா குடிவந்து மூன்று மாதம் ஆகிறது. "எங்க மகன் அமெரிக்காவுல ரேடியோவுல இருக்கான்" என்று மதீனா பீவி சொன்ன நாளிலிருந்து, காலையில் இங்கே வந்து அந்த நிகழ்ச்சியைக் கேட்பது இராமையாவுக்கு வழக்கமாகிவிட்டது. ஆங்கிலம் புரியாது. ஆனாலும், "சாம்னு பேரை மாத்திக்கிட்டாலும் பேச்சுல நம்ம ஊர்த் துள்ளல் அப்படியே இருக்கு" என்று தன் மனைவியிடம் சொல்லிப் பூரித்துப்போவார்.

ஃபோனில் சாம் பேசத் தொடங்கினார். அப்துல் பாரி தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார்.

"முதல்ல ஒரு பெரிய கடையில மைக்கைப் பிடிச்சு, இன்னைக்குத் தக்காளி மலிவுன்னு கத்தற வேலையாம். அப்புறம் சின்ன ஊர் ரேடியோவுல வானிலை. மழை வரும்னு இவன் சொன்ன அன்னைக்கெல்லாம் வெயிலாம். அதுக்கப்புறம்தான் சினிமாக்காரங்களைப் பேட்டி எடுக்கிறது, டிவி எல்லாம். ஒரு நடிகர் பேட்டியிலேயே தூங்கிட்டாராம். எழுப்பாம, அவரோட பதிலையும் சாமே சொல்லிட்டானாம்."

மதீனா பீவி சிரித்தார். இராமையாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இவ்வளவு கஷ்டப்பட்டு மேல வந்துட்டு, விடலாமா? நீங்க எடுத்துச் சொல்லக் கூடாதா பாய்?"

"நாங்க சொன்னா சாம் கேப்பானா?"

மதீனா பீவி தட்டை நீட்டினார். சூடான ஷ்வேஜி. ரவையும் தேங்காய்ப்பாலும் கலந்து சுட்ட பலகாரம், மேலே கசகசா. விடியுமுன்பே எழுந்து செய்தாராம், தெருவுக்கே கொடுக்க.

வேலை போகிற நாளில் இனிப்பா? இராமையா தட்டைத் தொடவில்லை.

"அக்கா, எனக்கு மனசே கேக்கலை. உங்களால எப்படிச் சந்தோஷமா இருக்க முடியுது?"

"கொஞ்சம் பொறுங்க தம்பி" என்ற மதீனா பீவியின் கண்கள் அதற்குள் கலங்கிவிட்டன.

ஃபோனில் கைதட்டல் எழுந்து அடங்கியது. சாம் யாரையோ கூப்பிட்டார். நாற்காலி நகரும் சத்தம். பிறகு இன்னொரு குரல், தயங்கித் தயங்கி, சுத்தமான தமிழில் வந்தது.

"வாப்பா, உம்மா... உஸாமா பேசறேன். நாளையிலேருந்து இந்த நிகழ்ச்சியை நான்தான் நடத்தப் போறேன்."

இராமையா ஃபோனையும் அவர்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அங்க ஸ்டுடியோவுல கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, சாமோட சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறதுதான் எங்க மகனுக்கு வேலை" என்றார் அப்துல் பாரி, கண்ணைத் துடைத்தபடி. "பதினோரு வருஷமா தினம் கேக்கிறோம் இராமையா. அதுல எங்க புள்ளையோட குரல் வர்றது இன்னைக்குத்தான்."