பூசை போட்ட மிஷின்

இப்போதெல்லாம் மிஷினுக்குப் பொட்டு வைக்கிறார்களே தவிர, அதைக் கண்டு பயப்பட மாட்டேன் என்கிறார்கள். கிரில் பட்டறைக்குள் நுழைந்த சடையப்பனுக்கு அதுதான் எரிச்சல். மருமகன் மாரிச்செல்வம் இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய்விட்டது. ரம்பச் சக்கரம் குழாயைக் கவ்வியபடி நின்றது. அவன் சுவிட்சைக்கூட அணைக்காமல், சக்கரத்தின் பல்லுக்கடியில் இரண்டு கையையும் விட்டுக் குழாயை அசைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, கைய எடுங்க."

"கரண்டே இல்ல மாமா. அதுவுமில்லாம முந்தாநாள்தான் பூசை போட்டுப் பூசணிக்கா உடைச்சோம். நம்மளக் கடிக்குமா?"

"சோறு போட்ட கையையே நாய் கடிக்குது. பூசணிக்கா உடைச்சா இது விட்டுருமா?"

அவன் குனிந்தபடியே சிரித்தான். கையை எடுக்கவில்லை. சடையப்பன் சுவரோரம் போய், மிஷினின் பிளக்கைப் பிடுங்கி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டார். அடுத்த நொடி தலைக்கு மேலே மின்விசிறி சுற்றத் தொடங்கியது. மருமகனின் பத்து விரலும் இன்னும் பல்லுக்கடியிலேயே இருந்தன.

"பாத்தீங்களா மாமா? கரண்டு வந்தும் அசையல. பூசை போட்ட மிஷினுன்னு சொன்னேன்ல?"

விரல்கள் வெளியே வரும்வரை சடையப்பன் பிளக்கை விடாமல் நின்றார். பிறகு, பிடித்த தேளைக் கீழே விடுவதுபோல் பிளக்கைத் தரையில் வைத்தார். பிளக்கைப் பிடுங்கிப் போட்ட மிஷின்தான். இருந்தாலும் அவர் அதை நம்பவில்லை. அதற்கு முதுகைக் காட்டாமல், சக்கரத்தைப் பார்த்தபடியே பின்வாங்கிப் பின்வாங்கி வெளியே நடந்தார்.